கீழிறங்கும் சீட்டு

கினுயோ ஓபாராவுக்குக் கணக்கு ஒத்துப்போக வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டு வெளியே போனால் மதியம் முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டு உள்ளே வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏப்ரனோடு வகுப்பு வகுப்பாகப் புகுந்து மேஜைக்கு அடியில் குனிந்து தேடுவாள். வாத்தியார்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஓய்வு பெற்றதும் ஊராட்சி அலுவலகத்தார் அவளுக்கு நானமோரி மலையடிவாரத்துச் சீட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தது இதனால்தான். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் கடைசி வீடு அவளுடையது. வாசலில் நின்றால் வண்டி நிறுத்தும் இடமும் கழிப்பறையும் பெட்டியும் தெரியும். மலை ஏறுகிறவர்கள் பெயர், வயது, ஊர், போன் நம்பர் எல்லாம் ஒரு சீட்டில் எழுதி மேல்பாதியைப் பெட்டியில் போட்டுவிட்டு, கீழ்ப்பாதியைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். இறங்கி வந்ததும் அந்தக் கீழ்ப்பாதியில் நேரத்தைக் குறித்து அதே பெட்டியில் போட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு கினுயோ பெட்டியைத் திறந்து மேல்பாதிகளையும் கீழ்ப்பாதிகளையும் ஜோடி சேர்ப்பாள். பென்சில் சீவி வைப்பாள், கழிப்பறையைக் கழுவுவாள். அவ்வளவுதான் வேலை.

நானமோரி பெரிய மலை ஒன்றும் இல்லை. சாவதானமாக ஏறினாலே இரண்டரை மணி நேரம். பாதி வழிவரை பீச் என்ற உயர்ந்த இலையுதிர் மரங்களின் காடு, அதற்கு மேல் புல்வெளி, உச்சியில் ஒரு சின்னக் கல் சன்னதி. அக்டோபரில் மலை முழுக்கப் பழுத்துச் சிவந்து கிடக்கும். அந்த நாட்களில் சென்டாய், மொரியோகா நகரங்களிலிருந்தெல்லாம் ஆட்கள், கரடி கிட்டே வராமலிருக்கக் கட்டிக்கொள்ளும் கரடி மணியைக் கிணுகிணுவென்று ஆட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். அடிவாரத்தில் ‘புதிதாக ஏறுகிறவர்களுக்கும் ஏற்ற மலை’ என்று ஒரு பலகை உண்டு.

இறங்கி வருகிறவனுக்கு வெந்நீர் ஊற்றுக் குளியல் மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும். சீட்டு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? பத்துப் பேரில் ஒருவர் மறந்துவிடுவார். முதல் இரண்டு வருடம் கினுயோ ஒருவர் விடாமல் போன் போட்டுக் கேட்டாள். ஒருவர் குளிக்கிற நேரத்தில் தொந்தரவா என்று எரிந்து விழுந்தார். இன்னொருவர், உயிரோடுதான் இருக்கிறேன், சாவு வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்று நக்கலாகச் சொல்லிப் போனை வைத்தார். ஜோடி சேராத சீட்டு ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்துக்கு ஒரு பக்க அறிக்கை வேறு எழுத வேண்டும். அங்கே சுற்றுலாப் பிரிவின் தலைவர் நிதனை என்பவர் நல்ல மனிதர்தான், ஆனால் அறிக்கையைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். “ஓபாராம்மா, இந்த மாசமும் ஏழா? மேல எடத்துல என்னைக் கேக்கறாங்க. பூஜ்யம்னு வந்தா எவ்ளோ அழகா இருக்கும்!” என்பார்.

பூஜ்யத்தின் அழகு கினுயோவுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஐந்து மணிக்கு வண்டி நிறுத்தும் இடம் காலியாக இருந்தால் மலையும் காலி. காரை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லையே. அப்படிக் காலியாக இருந்த நாட்களில், ஜோடி சேராத சீட்டுக்கு ஒரு புதுச் சீட்டின் கீழ்ப்பாதியைக் கிழித்து, பெயரை எழுதி, இறங்கிய நேரம் என்று நம்புகிற மாதிரி ஒன்றைப் போட்டு அவளே ஜோடி சேர்த்துவிடுவாள். எழுத்து ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று பென்சிலை மாற்றிப் பிடிக்கவும் பழகிக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் நானூறு தடவைக்கு மேல் இருக்கும். நானூறு தடவையும் அவள் நினைத்ததுதான் சரி. எல்லோரும் பத்திரமாக இறங்கி வீடு போய்த்தான் இருந்தார்கள். அலுவலக வாசலில் ‘நானமோரி, விபத்தில்லா நாட்கள்’ என்று எண் மாற்றும் பலகை வைத்தார்கள். ஆயிரமாவது நாளில் அவளுக்குச் சான்றிதழும் ஒரு போர்வையும் கொடுத்தார்கள். சான்றிதழ் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

அக்டோபர் மூன்றாவது ஞாயிறு நாற்பத்தொரு பேர் ஏறினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு முப்பத்தெட்டுக் கீழ்ப்பாதிதான் இருந்தது. வண்டி நிறுத்தும் இடத்தில் காய்ந்த இலைகளைத் தவிர ஒன்றும் இல்லை. கினுயோ நின்றபடியே மூன்று சீட்டு எழுதினாள். இரண்டாவது சீட்டில் ‘ரூரிகோ மகாபே’ என்று பெயரெழுதி, மூன்று பத்து என்று நேரம் போட்டாள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஊர்ப் போலீஸ்காரர் ஓயிகாவா வந்து வாசலில் நின்றார். நாற்பது வயதுக்காரர். பள்ளியில் கினுயோ கையால் சாப்பிட்டு வளர்ந்தவர், அதனால் இன்றும் அவருக்கு அவள் அக்காதான்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை சீட்டெல்லாம் எடுங்களேன். சென்டாய்க்காரம்மா ஒருத்தங்களக் காணோம்னு ராத்திரி அவங்க மகன் போன் பண்ணினான். அறுபத்தாறு வயசு. நானமோரி ஏறிட்டு மறுநாள் ஆத்துக்கு அந்தப் பக்கம் கராசு மலை போறேன்னு சொல்லிட்டு வந்தாங்களாம். எங்க தங்கறாங்கன்னு மகனுக்கே தெரியல. போற எடத்துல ரூம் பாத்துக்கறதுதான் அவங்க வழக்கமாம்.”

“பேரென்ன?”

“மகாபே. ரூரிகோ மகாபே.”

அந்தப் பெயரை எழுதியது கினுயோவுக்கு ஞாபகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டை எடுத்து நிதானமாகப் புரட்டினாள்.  சீட்டின் மேல்பாதியில் உருண்டை உருண்டையாக அழகான கையெழுத்து. ‘எப்படி வந்தீர்கள்’ என்ற கட்டத்தை கினுயோ ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லோரும் காரில்தானே வருகிறார்கள்? அந்தக் கட்டத்தில் ‘பஸ்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தது. பாலத்தடியில் நிற்கும் பஸ்ஸில் ஊர்க்கிழவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார்கள். மலை ஏற அதில் வந்து இறங்கியவர்களை அவள் பார்த்ததே இல்லை.

மேல்பாதியோடு குத்தியிருந்த கீழ்ப்பாதியை ஓயிகாவாவே எட்டிப் பார்த்தார். “மூணு பத்துக்கு எறங்கியாச்சு! அப்பாடா. அப்ப கராசு மலைலதான் மாட்டிக்கிட்டிருக்காங்க. அங்க பெட்டியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. கரடி வேற. சரிக்கா, எல்லா ஆளையும் அங்க அனுப்பிடறேன். உங்க பெட்டி இருந்ததால அரை நாள் மிச்சம்.”

சொல்லியிருக்க வேண்டியது அந்த நிமிடம்தான். கினுயோ வாயைத் திறந்தாள். “டீ குடிச்சிட்டுப் போங்க” என்றுதான் வந்தது. அவர் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நிஜமாகவே இறங்கியிருக்கலாம் அல்லவா? நானூறு பேர் இறங்கவில்லையா? இப்படியெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டே கினுயோ காலில் பூட்ஸை மாட்டினாள். மலையை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். யாரும் இல்லையென்றால் யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. யாராவது இருந்தால் அவளே கண்டுபிடித்ததாக ஆகிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் போட்டாள்.

அவள் புருஷன் எய்சாகு வீட்டை ஒட்டிய நீலப்பூத் தோட்டத்திலிருந்து தலையை நீட்டினார். “காலங்காத்தால எங்க கெளம்பிட்ட? மலைல தூசி படிஞ்சிருக்குன்னு தொடைக்கப் போறியா?”

“ஆமா, தொடைக்கத்தான் போறேன். அந்த ஃப்ளாஸ்க்ல சூடா டீ ஊத்திக் குடுங்க.”

“ஒனக்கு என்ன ஆச்சு? மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு.”

“குடுங்கன்னா குடுங்க.”

அன்று வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. பீச் இலைகள் மஞ்சளாக உதிர்ந்து பாதை எது, பள்ளம் எது என்று தெரியாமல் மூடிக் கிடந்தன. ஊரே மெச்சும் அழகுதான். கினுயோவுக்கு அந்த இலைகளைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று “மகாபேம்மா!” என்று கூப்பிட்டாள். முந்தின இரண்டு ராத்திரியும் தண்ணீர்த் தொட்டியில் மெல்லிய பனிக்கட்டி கட்டியிருந்தது அவள் நினைவுக்கு வந்தது. இரண்டு ராத்திரியும் அவள் கதகதவென்று தூங்கியிருந்தாள், அதுவும் சான்றிதழோடு கிடைத்த போர்வைக்குள்.

புல்வெளிக்குக் கீழே இரண்டு பெண்கள் மணியை ஆட்டிக்கொண்டு வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். பெட்டிக்காரம்மா இவள்தான் என்று தெரிந்ததும் ஒருத்திக்கு ஒரே குஷி.

“நீங்கதானா அது! போன வருஷம் கர்ச்சீப்ப விட்டுட்டுப் போயிட்டேன், தொவைச்சு மடிச்சு அனுப்பினீங்களே. உங்கள நம்பித்தாங்க எங்கள மாதிரி தொடைநடுங்கிங்களே மலை ஏற வர்றோம்.”

“கர்ச்சீப் பெரிய விஷயமா” என்றாள் கினுயோ.  பட்டனை அழுத்தினாள். படத்தில் இருவர் தலையும் வெட்டுப்பட்டுப் போயிற்று. அவர்கள் அது கூடத் தெரியாமல் நன்றி சொன்னார்கள்.

சாதாரணமாக அவள் உச்சிக்குப் போக இரண்டு மணி நேரம் ஆகும். அன்று ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். சன்னதிக்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டியில், மலை ஏறினவர்கள் எழுதும் நோட்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினாள். அதே உருண்டைக் கையெழுத்து.

‘மதியம் 12.50. மேகமே இல்லை, இவாத்தே மலை முழுசாகத் தெரிகிறது. நான் தனியாக ஏறிய முதல் மலை இது. புதியவர்களுக்கு ஏற்றது என்று பலகையில் பார்த்துத் துணிந்தேன். ஊற்றுத் தண்ணீர் குடித்துவிட்டு இறங்குகிறேன். ரூரிகோ மகாபே.’

ஊற்றுக்குப் போகும் கிளைப்பாதை உச்சிக்குப் பின்பக்கம், காட்டுக்குள் சரிந்து இறங்கும். அங்கே அதிகம் யாரும் போவதில்லை. கினுயோ நோட்டை மூடி வைத்தாள். இனிமேல் தனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சமாதானமும் மிச்சம் இல்லை. போனில் சிக்னல் கிடைப்பது உச்சியில் மட்டும்தான். ஊற்றுப் பக்கம் இறங்கினால் கிடைக்காது. இங்கேயேதான் சொல்லியாக வேண்டும்.

பழக்கதோஷத்தில் முதலில் நிதனைக்குத்தான் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் கேட்டது.

“ஓபாராம்மா, மெதுவாப் பேசுங்க. யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?”

“இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல.”

“நல்லது. அவசரப்படாதீங்க. வேற யாரோட சீட்டோ தப்பா இதோட சேர்ந்துடுச்சுன்னு வெச்சுக்கலாம். காத்து பலமா அடிச்சுது, பெட்டி தெறந்துக்கிச்சு. அப்படித்தானே? நான் பதினோரு மணிக்குத் ஊராட்சித் துணைத்தலைவரப் பாத்துப் பேசிட்டு, எப்படிச் சொல்லணுமோ அப்படி ஓயிகாவாகிட்ட சொல்றேன்.”

மணி ஒன்பது கூட ஆகவில்லை. அந்த மனிதர் சொன்னது எத்தனை வசதியாக இருந்தது என்பதை கினுயோ பிற்பாடும் ஒளிக்கவில்லை. காற்று என்று ஒரே ஒரு சொல். அது போதும், சான்றிதழ் சுவரிலேயே இருக்கும்.

“அன்னிக்குக் காத்தே இல்லைங்க” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஓயிகாவா மூன்றாவது தடவை மணி அடித்ததும் எடுத்தார். பின்னால் ஆட்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சத்தம், நாய் குரைக்கும் சத்தம்.

“அந்தக் கீழ்ப்பாதி நான் எழுதினது” என்றாள் கினுயோ. “அவங்க எறங்கல. வண்டி ஒண்ணும் இல்லைன்னு நானே எழுதிப் போட்டேன். பஸ்ல வந்திருக்காங்க, பாக்காம விட்டுட்டேன். ஊத்துப் பக்கம் போறேன்னு நோட்டுல எழுதியிருக்காங்க.”

அவர் சத்தத்திலிருந்து தள்ளி வந்தார். பிறகு, “காலைல நான் கேட்டப்ப?” என்றார்.

“தெரியும். சொல்லல.”

“எத்தனை தடவ இப்படி எழுதியிருக்கீங்க?”

“கணக்கில்ல.”

“சரி. அத அப்புறம் பேசிக்கலாம். ஆளுங்களத் திருப்பறேன். ஆத்தச் சுத்தி வந்து மேல ஏற மூணு மணி நேரமாவது ஆகும்” என்றார். பிறகு, “நீங்க ஜாக்கிரதையாப் போங்க, ஓபாராம்மா” என்றார். அக்கா என்ற சொல் வரவில்லை. அதற்கப்புறம் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

கினுயோ பின்பக்கமாக இறங்கினாள். முழங்கால் ஆழத்துக்கு இலை. ஒரு கிளையை ஒடித்துக் குத்திக் குத்திப் பார்த்துத்தான் அடியெடுத்து வைக்க முடிந்தது. “மகாபேம்மா! மகாபேம்மா!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஊற்றுக்கு நாற்பதடி இருக்கும்போது கிணுக் என்று ஒரு சத்தம். நின்றாள். மறுபடியும் கிணுக். கரடி மணி.

பாதையின் ஓரம் என்று நினைத்து இலைமேல் கால் வைத்திருக்கிறாள் அந்த அம்மாள். அடியில் தரையே இல்லை. இரண்டு ஆள் உயரப் பள்ளத்தில், விழுந்த மரத்தை ஒட்டி, மழைக்கோட்டுக்குள் இலைகளைத் திணித்துக்கொண்டு குறுகிக் கிடந்தாள். வலது கணுக்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதடு நீலம். மணியை விரலில் கட்டியிருந்தாள்.

கினுயோ எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஃப்ளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி, தலையைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு வாயாகப் புகட்டினாள். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு கைகளைச் சூடு பறக்கத் தேய்த்தாள். அந்த அம்மாள் முதலில் அழுதாள். பிறகு பேச ஆரம்பித்தாள். குரல் கம்மியிருந்தது.

“வந்துடுவீங்கன்னு தெரியும்.”

“பேசாதீங்கம்மா, மூச்சு வாங்குது.”

“இல்ல, சொல்றேன். மொத நாள் ராத்திரி பயமே இல்ல. சீட்டுப் போட்டிருக்கேனே. சாயங்காலம் எண்ணுவாங்க, ஒண்ணு கொறையும், காலைல வருவாங்கன்னு இருந்தேன். நேத்திக்குப் பூரா மணி அடிச்சேன். ஏன் வரலன்னு புரியல. வேற எங்கயாவது தேடறாங்க போல, பாவம், எவ்ளோ பேருக்குச் சிரமம்னு நெனச்சேன்.”

சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே சீட்டின் கீழ்ப்பாதி, கசங்காமல், நனையாமல் இருந்தது. “இத நீங்களே பெட்டில போட்டுடறீங்களா? மறந்துடப் போறேன்” என்று சீட்டை உருவி கினுயோ கையில் கொடுத்துச் சிரிக்கப் பார்த்தாள்.

கினுயோவால் அதை வைத்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஒரு தேள் மாதிரி இருந்தது கையில். இதைச் சொல்ல இது நேரமா என்றால் இல்லைதான். ஆனால் காலையில் அவள் ஒரு நல்ல நேரத்தைத் தவற விட்டிருந்தாள், இன்னொன்றுக்குக் காத்திருக்க அவளிடம் தெம்பில்லை.

“உங்க பேர்ல நான் அன்னிக்கே எழுதிப் போட்டுட்டேன்” என்றாள். “எண்ணினேன். ஒண்ணு கொறைஞ்சுது. நானே எழுதிச் சரி பண்ணிட்டேன். அதனாலதான் நேத்திக்கு யாரும் வரல. வேற எங்கயும் யாரும் தேடலம்மா.”

ரூரிகோ மகாபே அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கினுயோவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கினுயோவின் விரல்களைப் பிரித்து, சீட்டைத் திரும்ப எடுத்து, உறையில் போட்டுத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.

“நானே போட்டுக்கறேன்” என்றாள்.

 என்ன இருந்தாலும் ஒருத்தி உடம்புச் சூட்டில் இன்னொருத்தி சாய்ந்துதான் இருந்தாக வேண்டியிருந்தது. அப்படியே கிடந்தார்கள். பன்னிரண்டரைக்கு ஆட்கள் வந்தார்கள்.

தூக்குப் படுக்கையில் வைத்துக் கட்டி, ஆறு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து அடிவாரம் வந்து சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து தயாராக நின்றது. ரூரிகோ கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். பென்சில் வேண்டும் என்றாள். பென்சில் கினுயோவின் பையில்தான் இருந்தது, அவள் சீவி வைத்தது. எடுத்து நீட்டினாள். ரூரிகோ அதை வாங்கி, ஓயிகாவாவிடம் மணி கேட்டு எழுதினாள். படுத்த நிலையில் பெட்டி வாய் எட்டவில்லை. கினுயோவின் கால் தன்னால் ஓரடி முன்னே போயிற்று, போய் நின்றுவிட்டது. ஆட்கள் படுக்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்கள். அந்த அம்மாள் தன் கையாலேயே சீட்டைப் போட்டாள்.

மறுநாள் அலுவலகப் பலகையில் எண்ணைக் கழற்றினார்கள். நிதனை ஒரு வாரம் யார் கண்ணிலும் படவில்லை. சான்றிதழை கினுயோ தானே இறக்கி, போர்வையோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். போர்வையை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள், அவள் கேட்கவில்லை.

அதெல்லாம் அப்புறம். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓயிகாவா கூட நிற்க, அவள் கடைசித் தடவையாகப் பெட்டியைத் திறந்தாள். வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கட்டையும் எடுத்து வந்தாள். ஓயிகாவா இரண்டு கீழ்ப்பாதிகளையும் வண்டியின் முன்பக்கத்தில் அருகருகே வைத்தார். இரண்டிலும் ரூரிகோ மகாபே. ஒன்றில் இறங்கிய நேரம் ஞாயிறு மூன்று பத்து. இன்னொன்றில் செவ்வாய் மூன்று இருபது.

“இதுல எதை ஃபைல்ல வெக்கணும்?” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கினுயோ இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டுக்குக் கணக்குச் சொன்னவளுக்கு இதற்கு விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாளும் பத்து நிமிடமும்.

“ரெண்டையும் வைங்க” என்றாள். “நான் எழுதினது மேல இருக்கட்டும், ஃபைலத் தெறந்ததும் அதான் தெரியணும்.”